நேரத்தைப் பங்கு போட்ட வாத்தியார்



ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டிக் காட்டும் ஹைப்பர்வைசரை நாம் லேபில் பார்க்கிறோம். ஒரு பிராசசரின் நேரத்தைப் பலருக்குப் பங்கு போடலாம் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி. அவர் வாழ்க்கை நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

1916-இல் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது மூன்றாம் ஆண்டில் மனம் உடைந்து படிப்பு தடைப்பட்டது. கிடைத்ததோ இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப்பிரிவு! ஆராய்ச்சிக் கனவு போயே போச்சு. போர்க்காலத்தில் வால்வு ஆராய்ச்சி வேலை. அதன்பின் பள்ளி வாத்தியார்.

1951-இல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அப்போது வயது 34. டிராஃப்ட்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஆடும் புரோகிராமை எழுதி, மான்செஸ்டர் கம்ப்யூட்டரில் ஓட வைத்தார். வாத்தியார் வேலையை விட்டு 1952-இல் முழுநேரமாக இந்தத் துறைக்கே வந்துவிட்டார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் யானை விலை. ஆனால் டேப்பும் கார்டும் மெதுவாக வர, பிராசசர் சும்மா காத்துக் கிடக்கும். ஒரு வேலை காத்திருக்கும் நேரத்தை இன்னொரு வேலைக்குக் கொடுத்தால் என்ன? 1959-இல் பாரிஸில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் இதைத்தான் ஸ்ட்ரேச்சி விளக்கினார். 1960-களில் ஐ.பி.எம். உருவாக்கிய சி.பி.-40, ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரையே கொடுத்தது.

பங்கு போடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. மெய்நிகர் பிராசசரை ஹைப்பர்வைசர் எந்தக் கோர் காலியோ அதில் ஓட்டும். கோர் மாறினால் பழைய கோரின் கேஷில் சேர்த்து வைத்த விவரங்களைப் புதிதாகக் கொண்டுவர வேண்டும்; தாமதம்தான். அதனால் நேரம் தவறவே கூடாத வேலை என்றால், அந்த மெய்நிகர் பிராசசரைக் குறிப்பிட்ட கோரோடு கட்டிப்போடுகிறோம். இதுதான் பின்னிங். லினக்ஸ் கே.வி.எம்.-இல் இதற்கு 'விர்ஷ் விசிபியூபின்' என்ற கட்டளை இருக்கிறது.

கட்டிப்போட்டால் மட்டும் போதாது; மற்ற வேலைகள் அந்தக் கோருக்குள் நுழையாமலும் பார்த்துக்கொள்ளணும். இல்லாவிட்டால் பக்கத்துக் கோர் காலியாகக் கிடந்தாலும் நம்ம வேலை கட்டிய இடத்திலேயே காத்துக் கிடக்கும். ஆகவே பங்கீடே பொது விதி; பின்னிங் அவசியப்பட்ட இடத்துக்கு மட்டும்.

ஸ்ட்ரேச்சி அதோடு நிற்கவில்லை. அவர் முன்னின்று வடிவமைத்த சி.பி.எல். மொழியிலிருந்து பி.சி.பி.எல்., அதிலிருந்து பி, அதிலிருந்து நாம் படிக்கும் சி! கே.வி.எம். எழுதப்பட்டதும் சி மொழியில்தான். 1965-இல் ஆக்ஸ்போர்டு அழைத்தது; டாக்டர் பட்டம் இல்லாமலே 1971-இல் அங்கே பேராசிரியர் ஆனார். 1975-இல், 58 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, மெய்நிகர் பிராசசரைக் கட்டிப்போடலாம், தப்பில்லை. மனுஷனை ஒரு மார்க் ஷீட்டோடு கட்டிப்போடக் கூடாது. அரியர் வைத்தவன் அவ்வளவுதான் என்று சொல்பவர்களிடம் இந்த வாத்தியாரின் கதையைச் சொல்லுங்கள். நமக்கு நாமே அப்படிச் சொல்லிக்கொள்ளும் நாளில், இதை இன்னொரு தடவை படியுங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை