வெறுங்கால் வீரர் கோஷ்ட பால்

வென்றவனையே உலகம் நினைவிற் கொள்ளும் என்பது பொதுஜன அபிப்பிராயம். அது முற்றிலும் சரியன்று என்பதற்கு வங்காளத்துக் கால்பந்து வீரர் கோஷ்ட பாலின் சரித்திரமே தக்க சான்றாகும்.

அவர் 1896-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி பரீத்பூர் ஜில்லாவைச் சேர்ந்த போஜேஸ்வர் கிராமத்திற் பிறந்தார். அவ்வூர் இன்று பங்களாதேஷில் இருக்கிறது. அவர் வளர்ந்தது கல்கத்தாவில். 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, மோகன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். பதினொருவரில் பூட்ஸ் அணிந்து ஆடியவர் ஒருவரே. அடிமைப்பட்டிருந்த தேசம் தலைநிமிர்ந்த நாள் அது. சிறிது காலத்திற்குள் கோஷ்ட பால் இளம் பிராயத்திலேயே அச்சங்கத்திற் சேர்ந்தார்.

கோல் போட்டுக் கரகோஷம் பெறும் ஸ்தானம் அவருடையதன்று. பின்வரிசையில் நின்று காப்பதே அவர் கடமை. பூட்ஸ் அணிந்து பாய்ந்து வந்த வெள்ளையரை வெறுங்காலுடன் தடுத்து நின்றமையால், சீனத்துப் பெருஞ்சுவர் என்ற பட்டப்பெயர் அவருக்கு வாய்த்தது. 1921 முதல் 1926 வரை அவர் சங்கத்தின் ஆட்டத் தலைவராயிருந்தார். 1933-ல் இலங்கைக்குச் சென்ற இந்திய ஆட்டக்காரர்களுக்கும் அவரே தலைவர்.

ஆயினும் அவர் காலத்தில் கேடயம் மோகன் பகானுக்கு மீண்டும் கிட்டவில்லை. 1923-ல் இறுதிப் பந்தயம் வரை சென்றும், மழையால் சேறான மைதானத்தில் கல்கத்தா சங்கத்தாரிடம் மூன்று கோல்களால் தோற்க நேர்ந்தது. ஈரத்தரையில் பூட்ஸுக்குள்ள பிடிப்பு வெறுங்காலுக்கு ஏது? 1930-களின் மத்தியில் அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். அதன் பின்னரே, 1939-ல் கல்கத்தா லீக் பரிசும், 1947-ல் கேடயமும் சங்கத்திற்குக் கிடைத்தன.

இரு பெரும் பரிசுகளையும் காணாத அம்மனிதருக்கே 1962-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. கால்பந்து வீரர்களுள் அதை முதலிற் பெற்றவர் அவரே. 1976-ல் அவர் காலமானார். 1998-ல் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியாயிற்று. கல்கத்தா மைதானத்தருகே அவர் பெயரால் வீதியும், அதில் அவர் சிலையும் இருக்கின்றன.

இதன் காரணத்தைத் திருவண்ணாமலைவாசிகளுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலுடன் மலையை வலம் வருவோரை அவர்கள் காண்கிறார்கள். அந்நடைக்குப் பரிசுக் கோப்பை எதுவும் இல்லை; எனினும் அவர்களைக் கண்டு நாம் கை கூப்புகிறோம். கோஷ்ட பாலிடமும் ஜனங்கள் கண்டது அத்தகைய உறுதியையே. சாதனங்கள் யாவும் எதிரியிடம் இருந்த காலத்தில், தன் காலையே நம்பி அவர் இடம் பெயராது நின்றார்.

பொதுக் காரியங்களிலும் முன்வரிசையில் நின்று மாலை பெறுவோர் பலர். பின்வரிசையில் நின்று காப்போர் சிலரே. அச்சிலரை அவர்கள் வாழும் நாளிலேயே போற்ற நாம் கற்றுக்கொள்வோமாக.