முதலாம் பராந்தக சோழன்

முதலாம் பராந்தகன் கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட சோழ மன்னன் ஆவான். இவன் முதலாம் ஆதித்தனின் மகன். பாண்டியரை வென்று மதுரை கொண்டான் என்னும் பட்டம் பெற்றான். 949-ல் நடந்த தக்கோலப் போரில் இவன் மகன் இராசாதித்தன் இறந்தான். தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமானது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் இவனுடைய 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அரசாணைப்படி அதிகாரி முன்னிலையில் சபை கூடி, வாரிய உறுப்பினர்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுத்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 921-ஆம் ஆண்டு விதிப்படி 35 முதல் 70 வயதுக்குட்பட்டோரே தகுதியுடையோர்.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் தடை உண்டு. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மையடைந்தவருக்கும் இத்தடை நீங்கவில்லை. ஒருவர் மீதான குற்றம் எவ்வாறு விசாரிக்கப்பட்டது, அவர் அதை எவ்வாறு மறுக்கலாம் என்பவற்றை இவ்விதிகள் கூறவில்லை.

இந்தியாவின் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதிலிருந்து வேறுபடுகிறது. இதன்படி குற்றச்சாட்டு மட்டும் ஒருவரின் தகுதியைப் பறிக்காது. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். ஒருவர் செய்த குற்றத்துக்காக உறவினர் தகுதி இழப்பதில்லை.