சவ்வை அளக்கக் கோல் தந்த சுப்பாராவ்

உயிரியலோ உயிர் இரசாயனமோ பயிலும் நம்மில் பிஸ்கே–சுப்பாராவ் முறையைக் கேள்விப்படாதவர் அரியர். பாஸ்பரசை அளக்க வேண்டும் என்றதும் ஆய்வுக்கூடத்தில் சொல்லப்படும் பெயர் அது. ஆனால் அப்பெயரின் பின்பாதியில் நிற்கும் சுப்பாராவ் யார் என்று கேட்டால் பலர் விழிப்பர். சித்தூரிலும் திருப்பதியிலும் பயிலும் தமிழ் மாணவர் அவரை அறிந்துகொள்வது பொருத்தமே. அவர் தெலுங்கு மண்ணில் பிறந்து சென்னைக்குக் கல்வி தேடிச் சென்றவர். நாமோ அதே வழியில் எதிர்த்திசையாக வந்திருக்கிறோம்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 சனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அன்று பீமவரம், திருப்பதி, சென்னை மூன்றும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்ற அவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். மாநிலக் கல்லூரியைக் கடந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம் அது. அறுவைக் கூடத்திலும் அவர் கதர் அங்கியே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். அதன் பயனாக எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. அரசு மருத்துவப் பணியின் கதவும் அடைபட்டது. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்து வாழ்ந்தார். உடன்பிறந்தாரை ஸ்புரூ என்னும் குடல் நோய் கொண்டுபோனதைக் கண்ட அவர் உள்ளம், நோயின் வேரைத் தேடும் ஆராய்ச்சியை நாடிற்று.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. பின்னர் சைரஸ் பிஸ்கே என்பாரின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றார். 1925-இல் இருவரும் பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறை எளியது. அமிலக் கரைசலில் பாஸ்பேட்டுடன் மாலிப்டேட் சேர்கிறது. சேர்ந்த பொருளைக் குறைக்கும் பொருள் ஒன்றைக் கலந்தால் நீல நிறம் எழுகிறது. நீலம் எவ்வளவு ஆழமோ, பாஸ்பரஸ் அவ்வளவு மிகுதி.

அதே 1925-இல் ஹாலந்து நாட்டில் கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின் மேல் பரப்பினர். அணுக்களின் மேற்பரப்பைப் போல அது இருமடங்கு இடம் கொண்டது. எனவே உயிரணுவின் சவ்வு ஈரடுக்குக் கொழுப்பாலானது என்றனர். இந்த அடுக்கின் முதன்மைப் பொருள் பாஸ்போலிப்பிட். அதன் தலை நீரை விரும்பும். வால்கள் நீரை வெறுத்து உள்ளே ஒடுங்கும். பெரும்பாலான மூலக்கூறுகளில் தலைக்கு ஒரு பாஸ்பரஸ் அணு உண்டு. ஆகவே சவ்வின் கொழுப்பைப் பிரித்து, அமிலத்தில் சுட்டு, நீல நிறத்தால் பாஸ்பரசை அளந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பாஸ்போலிப்பிட்டைக் கணக்கிட்டுவிடலாம்! பாஸ்பரசின் எடையை 25-ஆல் பெருக்கினால் அதன் எடை ஏறத்தாழக் கிடைக்கும்.

சவ்வு இறுகிய சுவர் அன்று. எண்ணெய்ப் படலம் போல நெகிழ்வது. அதில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்று 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினர். மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது; நல்லெண்ணெய் உறைவதில்லை. நல்லெண்ணெயில் வளைந்த வால்கள் மிகுதி. அவை நெருங்கி அடுக்கப்பட இயலாதவை. சவ்விலும் அப்படியே. கொலஸ்ட்ராலோ உடற்சூட்டில் சவ்வின் ஓட்டத்தை அடக்குகிறது. குளிரில் உறையாமல் காக்கிறது. கொலஸ்ட்ராலுக்கும் பாஸ்போலிப்பிட்டுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு நெகிழ்ச்சியை ஆராய்வோருக்கு, அவ்விகிதத்தின் ஒரு பாதியைத் தருவது பாஸ்பரஸ் அளவையே.

சுப்பாராவ் அதனோடு நிற்கவில்லை. 1927-இல் பிஸ்கேயுடன் பாஸ்போகிரியாட்டினை வெளியிட்டார். 1929-இல் ஏ.டி.பி.யைக் கண்டனர், ஜெர்மனியில் லோமானும் அதே ஆண்டில் தனியே கண்டார். சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே ஏற்றும் சவ்வின் பம்பு, ஏ.டி.பி.யைச் செலவிட்டே இயங்குகிறது. அப்போது வெளிப்படும் பாஸ்பேட்டை அளக்கவும் இந்த நீல நிறம் உதவுகிறது.

ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லி நிறுவனம் சென்றார். அங்கு அவர் தலைமையில் உழைத்த குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. ஸ்புரூவுக்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசானும் அங்கிருந்தே வந்தது. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், அமெரிக்கக் குடிமகனாகாமலும் தாய்நாட்டை மீண்டும் காணாமலும் மறைந்தார். இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 1995-இல்தான்.

தேர்வில் தோற்றவர், உரிய பட்டம் பெறாதவர், நிலையான பதவி கிட்டாதவர் என்பன அவரைப் பற்றிப் பிறர் எழுதிய மதிப்பெண்கள். பாஸ்பரசை அளக்கும் கோல் அவர் உலகுக்குத் தந்த விடைத்தாள். மதிப்பெண் பட்டியலைக் கண்டு சோரும் நண்பர் எவரேனும் நம்மிடையே இருந்தால், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.