கணக்கு அலுவலகம் தந்த தமிழ்ச் செல்வர்

யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை என்னும் சிற்றூர். அமெரிக்க மிஷனரிகள் 1823-ம் ஆண்டில் அங்கே ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். வட்டுக்கோட்டை செமினரி என்பது அதன் பெயர். கிறிஸ்தவ சமய பாடத்தோடு தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன.

சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை இங்கு பயின்றவர். பின்னர் சென்னைக்கு வந்து, பெர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி' பத்திரிகையில் பணியாற்றினார். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். ஒருவர் இவர், மற்றவர் வட்டுக்கோட்டையில் இவருக்குப் பாடம் சொன்ன கறோல் விசுவநாத பிள்ளை!

இதற்கிடையில், 1855-ல் செமினரி மூடப்பட்டுவிட்டது. ஊழியம் செய்வோரை உருவாக்க எழுந்த கல்விச்சாலை, அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தயாரிக்கும் இடமாகிவிட்டது என்பதே மிஷன் மேலிடத்தின் குறை.

அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளையவர்களும் உத்தியோகத்துக்குத்தான் போனார். கள்ளிக்கோட்டையில் ஆசிரியர் வேலை, பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகம். ஆனால் அந்த உத்தியோகம் அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. பழந்தமிழ் ஏடுகள் செல்லரித்து அழிவதைக் கண்டு மனம் பதைத்தார். பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை களைந்து அச்சிடலானார். 1868-ல் தொல்காப்பியச் சொல்லதிகாரம், சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகியவை வந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாக அச்சேறிய கலித்தொகையும் இவர் பதிப்பே, ஆண்டு 1887.

1871-ல் பி.எல். தேறிய அவர், பிற்காலத்தில் கும்பகோணத்தில் வக்கீலாகவும், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். கிறிஸ்தவராகப் படித்தவர், பின்னர் சைவத்துக்கே திரும்பினார். ஆயினும் பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தையும், சமணக் காப்பியமான சூளாமணியையும் அதே சிரத்தையுடன் பதிப்பித்தார். தமிழ் நூல் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1901 ஜனவரி 1-ந் தேதி சென்னையில் அவர் காலமானார்.

வட்டுக்கோட்டையில் 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. உத்தியோகஸ்தர்களை உருவாக்குகிறது என்று மூடப்பட்ட பழைய செமினரியோ, கலித்தொகையைக் காத்துத் தந்த ஓர் உத்தியோகஸ்தரை நமக்கு அளித்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, பகலெல்லாம் கணக்கெழுதும் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வாழ்க்கை இது.