என்பின் உருவம் கண்ட பேரறிஞர்

உன்னிச்சைக் குளக்கட்டில் வழுக்கி வீழ்ந்து எனது இடுப்பென்பு முறிந்தபோது, வைத்தியசாலையில் என்னைச் சி.ரி. கருவியினுட் கிடத்திப் படம் பிடித்தனர். பின்னர் வைத்தியர் திரையிலே அவ்வென்பை முழு உருவாய் எழுப்பி, எப்புறமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். உடலைக் கீறாது உள்ளுருவைக் காணும் இக்கலைக்குக் கணித வழி வகுத்தோருள் தமிழர் ஒருவரும் உளர் என்பதை நம்மவருட் பலர் அறியார். அவரே ஜி. என். இராமச்சந்திரன்.

1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்திலே கணிதப் பேராசிரியர் ஒருவரின் மைந்தராய் அவர் பிறந்தார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சென்றவரைச் சி. வி. இராமன் பௌதிகத்தின்பால் ஈர்த்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியரானார்.

1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் கூடி, கொலாஜன் என்னும் புரதம் மூவிழை முறுக்கிய கயிற்றை ஒத்தது என நிறுவினார். என்புக்கு உரமளிப்பது அப்புரதமே. மேல்நாட்டு அறிஞர் அதன் நுணுக்கங்களிற் குறை கண்டனர். இவரோ சோர்ந்திலர், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியின் கனியே, 1963இல் வெளியாகி அவர் பெயரால் இன்றும் வழங்கும் வரைபடம்.

1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்ட கட்டுரையே நம் பொருளுக்கு உரியது. பல திசைகளினின்றும் எக்ஸ் கதிர் செலுத்தி, உடலின் நிழல்களைப் பதிவு செய்கின்றனர். அந்நிழல்களை வந்த வழியே மீளப் பரப்பிக் கூட்டினால் மங்கலான உருவமே தோன்றும். எனவே, பரப்புமுன் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணக்கினாற் செப்பனிட வேண்டும் என்றார் அவர். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்போர் 1967இல் இதனையொத்த வழியைக் கண்டிருந்தனர். எனினும், நீண்ட கணிப்பைச் சுருக்கிய இம்முறை கதிர்ப்படத் துறையில் வேரூன்றியது. இவ்வாறு பெற்ற வெட்டுமுகங்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி, அடர்த்தி மிக்க பகுதியைப் பிரித்தெடுத்தால் என்பு எழுந்து நிற்கும்.

1979இல் இக்கருவிக்கான நோபல் பரிசு கோர்மக், ஹவுன்ஸ்ஃபீல்டு ஆகியோர்க்குக் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு அப்பரிசு என்றுமே கிட்டவில்லை. 1998இல் மனைவியார் மறைந்தார். நோயும் அவரை வாட்டியது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

இன்று நான் கோலூன்றியேனும் அதே குளக்கட்டில் நடக்கின்றேன். நடக்கும்போதெல்லாம் அவரை நன்றியுடன் நினைக்கின்றேன்.