முட்கம்பிக்குப் பின்னால் தெரிந்த மலை

1941ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பொழுதுபடும் நேரத்தில், சான்டா ஃபே நகரை நோக்கி ஒரு கார் வந்துகொண்டிருந்தது. காரில் இருந்தவர் 39 வயதான ஒளிப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ். எட்டு வயது மகனும் ஒரு நண்பரும் உடனிருந்தார்கள். அன்று பகல் முழுவதும் அலைந்தும் மனதுக்குப் பிடித்த படம் எதுவும் அமையவில்லை. ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது அவர் வீதியோரமாகத் திரும்பிப் பார்த்தார். கிழக்கே பனி மூடிய மலைத்தொடருக்கு மேலே நிலா ஏறியிருந்தது. மேற்கே சூரியன் முகிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கடைசி வெளிச்சம் ஊர்த் தேவாலயத்துச் சேமக்காலையில் விழ, அங்கிருந்த சிலுவைகள் வெள்ளை வெளேரென்று துலங்கின.

காரை நிறுத்தி, பெரிய மரக் கமெராவை முக்காலியில் ஏற்றும்வரை வெளிச்சம் காத்திருக்குமா என்பதே அப்போதைய கவலை. அந்த அவசரத்தில் ஒளிமானியைக் காணவில்லை. ஆனால் நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம்: சதுர அடிக்கு 250 கண்டெலா. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, துவாரத்தை நன்றாகச் சுருக்கி, ஒரு விநாடி திறந்து மூடினார். பாதுகாப்புக்கு இன்னொரு படம் எடுப்போமென்று பிலிம் தட்டைத் திருப்பிப் போட்டபோது சிலுவைகளிலிருந்த வெளிச்சம் போய்விட்டது. கிடைத்தது ஒரேயொரு நெகட்டிவ். அதிலிருந்து தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான பிரதிகளை அவரே அச்சிட்டார்.

திகதிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு அவ்வளவாக இருக்கவில்லை. அந்தப் படத்துக்கே வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். அவர் இறந்த பின்னர், நிலா நின்ற இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்த வானியல் ஆர்வலர் ஒருவர்தான் அது 1941 நவம்பர் 1ஆம் திகதி மாலை என்று முடிவுசெய்தார். ஐந்து வாரங்கள் கழித்து ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா போருக்குள் இறங்கியது.

அடம்ஸ் 1902 பெப்ரவரி 20ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நான்கு வயதில், 1906ஆம் ஆண்டுப் பெரும் பூமியதிர்ச்சியின் பின்னதிர்வொன்று அவரைத் தோட்டத்து மதிலில் தூக்கி எறிந்தது. அன்று உடைந்த மூக்கு கடைசிவரை கோணலாகவே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் குடும்பத்தின் மர வியாபாரமும் நொடித்துப்போனது. பாடசாலை அவருக்கு ஒத்துவரவில்லை. ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை. 12 வயதளவில் தகப்பனார் அவரைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிப்பித்தார். அந்த வயதில் தானாகவே பியானோ வாசிக்கத் தொடங்கியவர், நீண்டகாலம் தான் ஒரு பியானோக் கலைஞராகவே வருவேன் என்று நம்பியிருந்தார்.

1916இல் குடும்பத்தோடு யொசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே பெற்றோர் ஒரு சிறிய பெட்டிக் கமெராவைக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை ஓர் ஆண்டுகூட அவர் யொசெமிட்டிக்குப் போகாமல் விட்டதில்லை.

மலையைப் படமெடுப்பது சுலபம் என்றே பலரும் நினைக்கிறார்கள். மலை ஓடிப்போவதில்லைதானே. ஆனால் வெளிச்சம் ஓடிப்போகிறது. உச்சி வெயிலில் பெரிய மலையும் தட்டையான சுவராகிவிடும். சூரியன் தாழ்வாக நிற்கும் காலையிலும் மாலையிலும்தான் ஒவ்வொரு மடிப்பும் பள்ளமும் தன் நிழலால் தன்னைக் காட்டும். அந்த நேரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடம்ஸ் செய்தது கறுப்பு வெள்ளை வேலை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் நிறத்தை எந்தச் சாம்பலாக மாற்றுவது என்ற முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது. 1927 ஏப்ரலில் ஹாஃப் டோம் என்ற பாறை மலையின் முகத்தைப் படமெடுத்தபோது, முதலில் மஞ்சள் பில்டரைப் போட்டார். நீல வானம் சாதாரணமாகத்தான் வரும், தன் மனதில் எழுந்த அச்சம் வராது என்று பட்டது. கடைசிக் கண்ணாடித் தட்டுக்குக் கடும் சிவப்பு பில்டரைப் போட்டார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாக வந்தது. படமெடுக்க முன்னரே முடிந்த படத்தை மனதில் பார்த்துவிடும் பழக்கத்தின் தொடக்கம் அதுதான் என்று அவர் கருதினார்.

இலையுதிர் காலத்தையும் அவர் அப்படியே கையாண்டார். கால வரிசைப்படி பின்னால் வரவேண்டியது என்றாலும் இங்கேயே சொல்லிவிடலாம். 1958இல் நியூ மெக்சிகோ மலைகளில் ஒரு காலைப்பொழுது. அஸ்பன் மரங்கள் பொன் மஞ்சளாகப் பழுத்திருந்தன. வேறு யாராயிருந்தாலும் வண்ணப் பிலிமைத் தேடியிருப்பார்கள். மலையின் நிழலில், காற்று அசையாத மெல்லிய வெளிச்சத்தில் நின்ற மரங்களை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அடர் மஞ்சள் பில்டர் இலைகளை வெளிறச்செய்து, பின்னாலிருந்த காட்டை இருளாக்கியது. படத்தில் அந்த இலைகள் வெள்ளி போல மின்னுகின்றன. நிலவொளியில் எடுத்த படமோ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

இந்தப் படங்களால் சுவர் அலங்காரத்துக்கு மேல் ஏதாவது பயன் உண்டா என்ற கேள்வி அவரை விட்டதில்லை. 1930களில், பொருளாதார மந்தத்தில் மக்கள் வேலையின்றி அலைந்த நாட்களில், பாறையையும் மரத்தையும் படமெடுத்துக்கொண்டிருப்பதா என்று சக கலைஞர்கள் சிலர் அவரைக் கண்டித்தார்கள். அவர் தன் வழியில் பதில் சொன்னார். சியரா நெவாடா மலைகளின் படங்களை வோஷிங்டனுக்குக் கொண்டுபோய், கிங்ஸ் கன்யன் பகுதியைப் பாதுகாக்கும்படி அரசியல்வாதிகளிடம் பேசினார். 1938இல் அந்த மலைகளைப் பற்றி அவர் வெளியிட்ட படநூல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கைவரை போனது. 1940இல் கிங்ஸ் கன்யன் தேசியப் பூங்காவானது. ஒரு படத்தால் ஒரு மலையைக் காப்பாற்றலாம் என்பது அவருக்கு நிரூபணமாகிவிட்டது. மனிதர்களை?

1942 பெப்ரவரி 19ஆம் திகதி அதே ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். யார்மீதும் வழக்கில்லை, விசாரணையில்லை. கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, குடும்ப இலக்கம் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு பஸ்களிலும் ரயில்களிலும் ஏறினார்கள். பதிவு, பொதுச் சமையலறை, மலசலகூட வரிசை, காவற்கோபுரம், இரவில் சுழலும் வெளிச்சம். இந்தச் சொற்களை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பத்துப் பெரிய முகாம்களில் ஒன்று கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருந்த மன்சனார். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். அந்த நிலத்துக்கு இடப்பெயர்வு புதியதுமல்ல. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பையூட் பழங்குடியினரை இராணுவம் விரட்டியது. பிறகு வந்த குடியேற்றக்காரர்கள் பழத்தோட்டம் போட்டார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் பள்ளத்தாக்கின் தண்ணீரை வாங்கிக்கொண்டதும் அவர்களும் போனார்கள். அப்படிக் காய்ந்துபோன நிலத்தில், ஒரு சதுர மைல் அளவுக்குள், தார்க் கடதாசி ஒட்டிய மரக் கொட்டில்களில் 10,000 பேரைக் குடிவைத்தார்கள். பலகை இடுக்குகளால் புழுதி உள்ளே வந்தது. 1942 டிசம்பரில் முகாமில் எழுந்த ஆர்ப்பாட்டத்தின்மீது சிப்பாய்கள் சுட்டார்கள். இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

அந்தக் கொட்டில்களின் மேற்கே, செங்குத்தாக, சியரா நெவாடா நின்றது. அடம்ஸ் சிறுவயது முதல் வணங்கிய அதே மலை. கிழக்கு நோக்கிய அந்தச் சுவரில் விடியற்காலை வெளிச்சம் நேராக விழும். பின்னேரம் சூரியன் மலைக்குப் பின்னால் வேளைக்கே மறைந்து, முகாம் நிழலுக்குள் போய்விடும். எதிர்ப்பக்க மலைகளில் மட்டும் மஞ்சள் வெயில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அடம்ஸின் பெற்றோரிடம் நீண்டகாலம் வேலைசெய்த ஜப்பானிய முதியவர் ஒருவரையும் நோயாளி என்றும் பாராமல் அதிகாரிகள் கொண்டுபோயிருந்தார்கள். அந்தக் கோபம் அவருக்குள் இருந்தது. முகாமின் பணிப்பாளர் ரால்ப் மெரிட் அவருடைய பழைய நண்பர். மெரிட்டின் அழைப்பில் 1943 இலையுதிர் காலத்தில் அவர் முதல்முறை மன்சனாருக்குப் போனார். 1944 வரை பல தடவைகள் போய்வந்தார். இதற்கு அவர் ஊதியம் எதுவும் பெறவில்லை.

எடுத்த படங்களில் மனிதர்களின் முகங்கள் பெரிதாக, நேர் வெயிலில், சட்டகம் நிறைந்து நிற்கின்றன. தாதி, விவசாயி, மாணவி, பத்திரிகையாளர். முகாமுக்குள் வெளிவந்த பத்திரிகையின் பெயர் ‘மன்சனார் ஃப்ரீ பிரஸ்’. யார் அந்தப் பெயரை வைத்தார்களோ! எனக்கு மறக்க முடியாத படத்தில் மனிதர் யாருமில்லை. ஒரு கிராமபோன் பெட்டியின் மேல் யேசுவின் படம், கடிதங்கள், அமெரிக்க இராணுவச் சீருடையில் அந்த வீட்டுப் பிள்ளையின் படம். பெற்றோர் முட்கம்பிக்குள். பிள்ளை அதே நாட்டின் படையில்.

முட்கம்பியையோ கோபுரத்தையோ இந்தப் படங்களில் தேடினால் கிடைக்காது. காவலை எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஒரு படத்தில் முகாம் முழுவதும் மேலிருந்து தெரிகிறது, பின்னால் மலை. காவற்கோபுரத்திலிருந்து எடுத்தது என்று அதன் தலைப்பே சொல்கிறது. பார்ப்பவர் கோபுரத்தின் மேலேயே நிற்கிறார், ஆனால் கோபுரத்தைக் காண்பதில்லை. அவருக்கு முன்னர், 1942இல், அரசுக்காக அங்கே படமெடுத்த டொரதியா லாங் புழுதிப் புயலையும் மக்களின் களைப்பையும் பதிவுசெய்தார். அந்தப் படங்களைப் போர் முடியும்வரை அரசு முடக்கிவைத்தது. அடம்ஸின் படங்கள் போதாது, அவருக்கு இந்த விடயம் பிடிபடவில்லை என்பது லாங்கின் எண்ணம். அதில் நியாயம் உண்டு. சிரித்த முகங்களையும் விளைந்த வயலையும் மட்டும் பார்ப்பவர், முகாம் அப்படியொன்றும் மோசமில்லை என்று நினைத்துவிடலாம். மலை அழகாயிருக்க இருக்க அந்த ஆபத்தும் கூடுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜப்பானிய முகம் என்றாலே எதிரி என்று சுவரொட்டிகள் அலறிய நாட்களில், போர் முடிய முன்னரே, 1944இல், இந்த முகங்களை அவர் நூலாக வெளியிட்டார். நூலின் பெயர் ‘சுதந்திரராகவும் சமமாகவும் பிறந்தவர்கள்’. அதனால் வாங்கிய ஏச்சுகளும் கொஞ்சமல்ல.

உள்ளே இன்னொரு கமெரா இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோ வைத்திருந்த டோயோ மியாடாகே கைதியாக வந்தபோது, தடையை மீறி ஒரு லென்ஸை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். முகாமிலிருந்த தச்சர் ஒருவர் மரத்தில் பெட்டி செய்துகொடுக்க, வெளித்தோற்றத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி போன்ற ஒரு கமெரா உருவானது. நடந்ததைப் பிற்காலத்துக்குப் பதிந்துவைப்பது தன் கடமை என்று மகனிடம் அவர் சொல்லியிருந்தார். விடயம் வெளிப்பட்ட பிறகு மெரிட் ஓர் ஏற்பாடு செய்தார். மியாடாகே கமெராவைச் சரிபார்த்து நிறுத்தலாம், ஆனால் பொத்தானை ஒரு வெள்ளையர்தான் அழுத்த வேண்டும். சில காலத்தில் அந்த வேடிக்கையும் கைவிடப்பட்டது. முட்கம்பியைப் பிடித்தபடி நிற்கும் மூன்று சிறுவர்கள், பின்னால் காவற்கோபுரம் என்ற படம் அவருடையது. அடம்ஸ் முகாமில் மியாடாகேயின் குடும்பத்தைச் சந்தித்துப் படமெடுத்தார். ஒரே இடம், ஒரே மலை. ஒருவர் பின்னேரம் வெளியே போகலாம். மற்றவர் போகமுடியாது.

வெளியே போனபோது அடம்ஸ் செய்தது என்ன? 1944 குளிர்காலத்தில், முகாமிலிருந்து பத்து மைல் தெற்கேயுள்ள லோன் பைன் என்ற ஊரில், நான்கு விடியற்காலைகள் காரில் போய்க் காத்திருந்தார். நான்கு நாளும் முகில். ஐந்தாம் நாள் வெளிச்சம் வந்தது. பின்னால் பனிச் சிகரங்கள் வெள்ளையாக எரிய, நடுவே ஒரு குன்று கருநிழலில் கிடக்க, முன்னால் புல்வெளியில் ஒரு கீற்று வெயில். அங்கே மேய்ந்த குதிரை அவருக்குப் பின்புறத்தையே காட்டிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் அது பக்கவாட்டாகத் திரும்பியது. ‘குளிர்காலச் சூரியோதயம்’ என்று உலகறிந்த படம் அது. அந்தக் கருங்குன்றில் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைக் கற்களால் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பதித்திருந்தார்கள். மலைக்கு அது காயம் என்று கருதிய அடம்ஸ், நெகட்டிவிலிருந்து அவற்றை அழித்துவிட்டார். மலையில் மனிதச் சுவடு இருப்பதை அவர் கடைசிவரை பொறுத்துக்கொள்ளவில்லை. அந்த மனமும் மன்சனாருக்குப் போன மனமும் ஒன்றுதான் என்பதை நான் இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை.

1945 நவம்பரில் முகாம் மூடப்பட்டது. மியாடாகே லொஸ் ஏஞ்சலிஸ் திரும்பி மீண்டும் ஸ்டூடியோவைத் திறந்தார். அடம்ஸ் மலைகளுக்குத் திரும்பினார். புகழும் விருதுகளும் வந்தன. 1965இல் மன்சனார்ப் படங்களையும் நெகட்டிவ்களையும் எந்த நிபந்தனையுமின்றி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். இன்று யாரும் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். 1978இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருவரது படங்களும் ஒரே கண்காட்சியில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மியாடாகே இறந்தார். அடம்ஸ் 1984 ஏப்ரல் 22ஆம் திகதி, 82 வயதில் இறந்தார். அமெரிக்க அரசு 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றியது.

அடம்ஸ் எடுத்த மன்சனார்ப் படங்களில் முகாம் மயானமும் ஒன்று. அங்கே இறந்தவர்களுக்காக உள்ளேயிருந்தவர்கள் 1943இல் தங்கள் கையால் கட்டிய வெள்ளைத் தூண், அதில் கறுப்பு ஜப்பானிய எழுத்துகள், பின்னால் மலை. கொட்டில்கள் போய்விட்டன, தூண் நிற்கிறது. 1969 முதல் ஆண்டுதோறும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே கூடுகிறார்கள். தூணின் அடியில் நாணயங்களையும், கடதாசியில் மடித்த கொக்குகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.