64 நாள் தனிமைச் சிறை!
நோயைவிடக் கொடியது எது என்று நாட்டுக்குக் காட்டிய கோவா வாலிபர்

சங்கரன்கோவிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னே ஸ்ரீசக்கரக் குழி இருக்கிறது. சித்தம் கலங்கியவர்களை உறவினர்கள் கையைப் பிடித்து அழைத்து வந்து அந்தக் குழியில் உட்கார வைத்து வேண்டிக் கொள்கிறார்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று தாயும் கூசுவதில்லை, தாரமும் கூசுவதில்லை.

மன நோயைத் தீர்க்க வைத்தியரும் மருந்தும் வேண்டும். அது இன்று எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் நோயாளியின் கையை உற்றார் விடவில்லையே, அது பெரிய காரியம்.

இந்த இரக்கம் எல்லா நோயாளிக்கும் கிடைத்து விடுகிறதா? கிடைப்பதில்லை. எச்.ஐ.வி. கிருமி உடம்பில் புகுந்தவரைக் கண்டு ஊரே ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அகப்பட்டுத் துன்புற்று, பிறருக்காகப் போராடியவர் டொமினிக் டிசோசா.

இரத்த தானம் செய்தவர்

டொமினிக், கோவாவிலுள்ள பர்ரா என்ற கிராமத்தைச் சேர்ந்தவர். படித்தவர்; கலகலப்பானவர். நாடகத்தில் பிரியம் உண்டு. காட்டையும் விலங்குகளையும் காக்கும் உலக வனவிலங்கு நிதியின் கோவாக் கிளையில் வேலை பார்த்தார்.

அவரிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முன்பின் தெரியாதவர் பிழைக்கட்டும் என்று அடிக்கடி இரத்த தானம் செய்வார். அப்படிக் கொடுத்த இரத்தத்தைச் சோதித்த போதுதான் அதில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது.

அப்போது இந்தியாவுக்கே இந்த நோய் புதிது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன் முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மருந்து இல்லை. வதந்திக்கோ பஞ்சமில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள்; கொசு கடித்தால் வரும் என்றார்கள். இரண்டும் பொய்.

போலீசார் வந்தனர்

1989-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி டொமினிக்கைத் தேடிப் போலீசார் வந்தனர். அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

என்ன நோய், இனி என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொன்னவர் எவரும் இல்லை. மாபுசா நகரில், முன்பு காச நோயாளிகளை வைத்திருந்த ஒரு கட்டிடத்தில் அவரை அடைத்தார்கள். வாசலில் போலீஸ் காவல்!

இதற்குச் சட்டமே இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவரைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று 1987-ல் கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருத்தம் செய்திருந்தார்கள்.

பாழடைந்த கட்டிடத்தில் தன்னந்தனியாக ஒரு வாலிபர். வெளியே, அவர் பெயர் ஊரெங்கும் பேச்சாகி விட்டது. மனம் எப்படி நைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

தாய் தொடுத்த வழக்கு

பெற்ற தாய் லூசி டிசோசா மகனைக் கைவிடவில்லை. பம்பாய் ஐகோர்ட்டின் கோவாக் கிளையில் வழக்குத் தொடுத்தார். பம்பாய் வக்கீல் ஆனந்த் குரோவர் வாதாடினார். நண்பர்களும் சும்மா இருக்கவில்லை. டொமினிக்கை விடுதலை செய் என்று பகிரங்கமாகக் கிளர்ச்சி செய்தார்கள்.

64 நாட்களுக்குப் பிறகு, ஐகோர்ட்டு உத்தரவினால், ஏப்ரல் 18-ந் தேதி டொமினிக் வெளியே வந்தார்.

ஆனால் வழக்கில் முழு வெற்றி கிடைக்கவில்லை. தனிமைப்படுத்தும் சட்டம் செல்லும் என்றே ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. எனினும் ஊரறிய எழுந்த எதிர்ப்பு வீண் போகவில்லை. கட்டாயம் அடைத்து வைக்க வேண்டும் என்றிருந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

வீடு திரும்பியவருக்கு அடுத்த அடி காத்திருந்தது. பார்த்து வந்த வேலையை விட வேண்டியதாயிற்று.

துயரம் தொண்டாயிற்று

இத்தனையும் ஒருவர் தலையில் விழுந்தால் வாழ்வு கசந்து போகும். டொமினிக் மூலையில் முடங்கவில்லை. தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், தமக்கு நேர்ந்ததை வெளியில் எடுத்துச் சொன்னார். எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆறுதல் சொல்லவும், வழி காட்டவும் 1992-ல் பாசிட்டிவ் பீப்பிள் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

அதே ஆண்டு மே மாதம் நோய் முற்றி அவர் உயிர் பிரிந்தது. அவர் தொடங்கிய வேலையை நாடகத் தோழி இசபெல் வாஸ் முதலிய நண்பர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். 2005-ல் வெளிவந்த மை பிரதர் நிகில் என்ற இந்திப் படம் அவருடைய வாழ்க்கையைத் தழுவி எடுத்ததே.

முதல் ஆண்டே கண்டம்

டொமினிக்கின் மன உறுதி எல்லோருக்கும் வாய்க்காது. தாயும் நண்பர்களும் பக்கத்தில் இருக்கும் பாக்கியமும் எல்லோருக்கும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே மனச் சோர்வும் தற்கொலையும் மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இங்கிலாந்திலும் வேல்சிலும் செய்த ஆராய்ச்சி, நோய் இருப்பது தெரிந்த முதல் ஆண்டில்தான் இந்த ஆபத்து மிகுதி என்று கண்டது. கிருமி உடம்பை அவ்வளவாகக் கெடுக்காத சமயம் அது. அப்போது மனிதரை வாட்டுவது பயம்; அவமானம்; இனி யார் நம்மை ஏற்பார்கள் என்ற ஏக்கம்.

சுவிட்சர்லாந்தில் நடந்த ஆராய்ச்சியோ நல்ல செய்தி சொல்கிறது. 1996-ஐ ஒட்டிப் பலன் தரும் கூட்டு மருந்துகள் வந்த பிறகு அங்கே இந்த நோயாளிகளின் தற்கொலைகள் பெரிதும் குறைந்தன. ஆனாலும் பொதுமக்களின் அளவுக்கு இறங்கவில்லை. கிருமியை அடக்க மாத்திரை இருக்கிறது. மனப்புண்ணை ஆற்ற மனிதர்கள்தான் வேண்டும்.

இன்று நிலைமை வேறு

டொமினிக்குக் கிடைக்காத மருந்து, 2004 முதல் இந்தியாவில் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கி விடும். இரத்தச் சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால், தாம்பத்திய உறவின் மூலம் துணைக்கும் பரவாது. வேலை பார்க்கலாம்; கல்யாணம் செய்து கொள்ளலாம்; பேரன் பேத்தி எடுக்கலாம்.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இந்த நோய்க்காக ஒருவரைத் தனிமைப்படுத்தக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. டொமினிக்குக்கு 1989-ல் நேர்ந்தவை எவையோ, அவற்றையே இன்று சட்டம் தடுக்கிறது!

கையை விடாதீர்கள்

சோதனை செய்யவும், அதன் முடிவை ஆலோசகர் ஒருவர் பக்குவமாகச் சொல்லவும் அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. சங்கரன்கோவில் பக்கத்தார் மருந்துக்கு நெல்லை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலுள்ள கூட்டு மருந்து மையத்துக்குப் போகலாம். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இனி எதற்கு இந்த உயிர் என்ற எண்ணம் தலை காட்டினால் தாமதிக்க வேண்டாம். 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. பேசுபவர் தமிழிலேயே ஆறுதல் சொல்வார்.

வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைக்காதீர்கள். எல்லோரோடும் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். உண்ணாமல் உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் என்ன வருத்தம் என்று கேளுங்கள். பதில் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

டொமினிக்குக்கு அன்று மருந்து இல்லை. சட்டத்தின் துணையும் இல்லை. தாயும் நண்பர்களும் இருந்தார்கள். அந்தத் துணையோடு எஞ்சிய மூன்றாண்டுகளைத் தலை நிமிர்ந்து வாழ்ந்து விட்டுப் போனார். மருந்தும் சட்டமும் வந்து விட்ட இந்த நாளில், துணையில்லாமல் ஒருவர் உயிரை விட்டால் அந்தப் பழி நம்மைத்தான் சேரும்!